லஃப்வுட் ஜெபவீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்கு இங்கிலாந்தில், டெவன் கவுண்டியின் கிழக்கு ஓரத்தில், ஒரு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது லஃப்வுட் ஜெபவீடு. கூரை வேய்ந்த சின்னக் கட்டடம். கோபுரமும் கிடையாது, மணியும் கிடையாது. சுற்றியிருந்த கிராமங்களின் பாப்டிஸ்ட் விசுவாசிகள் ஏறக்குறைய 180 ஆண்டுகள் இங்கே கூடி ஆராதித்தார்கள். பேராலயங்களைப் பற்றித் தமிழில் படிக்க நிறைய இருக்கிறது, இப்படிப்பட்ட கிராமத்து ஜெபவீடுகளைப் பற்றி அவ்வளவாக இல்லை. அதனால், வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சரியாக எங்கே இருக்கிறது?

ஆக்ஸ்மின்ஸ்டர் என்ற சிறு நகரத்துக்கு மேற்கே சுமார் 6 கி.மீ. தூரத்தில், டால்வுட் கிராமத்துக்குத் தெற்கே. ஆக்ஸ்மின்ஸ்டரிலிருந்து ஹானிடன் போகும் பெரிய சாலையை விட்டு விலகி, ஒரு குறுகலான சந்துப் பாதையில் ஏற வேண்டும். இங்கே கூடிய சபையின் வேர் டால்வுட்டில் இல்லை, பக்கத்திலிருக்கும் கில்மிங்டன் கிராமத்தில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும்.

பாப்டிஸ்டுகள் மற்றவர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறார்கள்?

நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளிலும் லுத்தரன் சபைகளிலும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பாப்டிஸ்டுகள் கொடுப்பதில்லை. ஒருவர் வளர்ந்து, தானே விசுவாசித்து, அதைச் சபைக்கு முன்னால் வாயால் அறிக்கையிட்ட பிறகுதான் ஞானஸ்நானம், அதுவும் தண்ணீரில் முழுதாக முழுக்கி. இது ஏதோ சடங்கு முறையில் உள்ள சின்ன வித்தியாசம் என்று தோன்றலாம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது அரசையே உரசிப் பார்த்த விஷயம். அந்த நாட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஊர்ப் பங்கின் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, பிறப்பினாலேயே அரச திருச்சபையின் அங்கமாகிவிடும். "அப்படி யாரும் கிறிஸ்தவராகப் பிறப்பதில்லை, அவரவர் மனதார வரவேண்டும்" என்று சொல்வது, சபையையும் அரசையும் கட்டிவைத்திருந்த கயிற்றில் கத்தி வைப்பதாகும்.

இங்கிலீஷ் பாப்டிஸ்டுகளின் தொடக்கம் 1609ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஜான் ஸ்மித்தின் குழுவில். அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் 1612 வாக்கில் திரும்பி வந்து, லண்டனுக்கு வெளியே ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் சபையைத் தொடங்கினார். மனிதனின் மனசாட்சி மேல் ராஜாவுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியதற்காகச் சிறைக்குப் போனார், சிறையிலேயே இறந்தார். சற்றுப் பின்னால், கடவுள் முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்கே மீட்பு என்ற கால்வினியக் கோட்பாடு கொண்ட இன்னொரு பிரிவு எழுந்தது. 'பர்ட்டிகுலர் பாப்டிஸ்ட்' என்று பெயர். லண்டனில் இருந்த இவர்களின் ஏழு சபைகள் 1644இல் ஒரு விசுவாச அறிக்கையை அச்சிட்டன. லஃப்வுட் சபை இந்தப் பிரிவைச் சேர்ந்தது.

1653இல் கட்டியது என்கிறார்களே, உண்மையா?

வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு அதுதான். அந்தக் காலகட்டத்திலேயே சபை இங்கே கூடியது. ஆனால் உள்ளே போனவுடன் கண்ணில் படும் மரவேலை எல்லாம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. தாத்தா கட்டிய சுவருக்குள் பேரன் தச்சு வேலை செய்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒளிந்து வழிபடத்தான் காட்டுக்குள் கட்டினார்களா?

எல்லாரும் சொல்லும் கதை இதுதான். பெரும்பாலும் சரிதான், ஆனால் ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1653இல் இங்கிலாந்தில் ராஜா இல்லை. முதலாம் சார்ல்ஸின் தலையை 1649இல் வெட்டியாகிவிட்டது. 1653 டிசம்பரில், ராஜாவுக்கு எதிராகப் போரிட்ட படைத்தலைவர் கிராம்வெல் 'லார்ட் புரொடெக்டர்', அதாவது நாட்டின் காவலர் என்ற பட்டத்தோடு ஆட்சித் தலைவராகப் பதவியேற்றார். அப்போது வந்த அரசமைப்பு, கத்தோலிக்கர்களுக்கும் பேராயர் ஆட்சியை ஆதரித்தவர்களுக்கும் கதவை மூடினாலும், பாப்டிஸ்டுகளைப் போன்றவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது. கிராம்வெல்லின் படையிலேயே பாப்டிஸ்டுகள் ஏராளம். ஆக, சுவர் எழும்பிய வருஷத்தில் அரசாங்கம் அவர்களை வேட்டையாடவில்லை. அக்கம்பக்கத்து வெறுப்பு வேறு விஷயம், அது எப்போதும் இருந்தது.

அப்படியானால் இந்த ஒதுக்குப்புறம் எதற்கு? இங்கேதான் கவுண்டி எல்லை வருகிறது. இன்று டால்வுட் டெவனில் இருக்கிறது. ஆனால் 1840கள் வரை அது டார்செட் கவுண்டிக்குச் சொந்தமான, டெவனுக்குள் தனியாகக் கிடந்த ஒரு துண்டு நிலம். கில்மிங்டனோ டெவன். அந்தக் காலத்தில் சமாதான நீதிபதியும் கான்ஸ்டபிளும் தங்கள் கவுண்டிக்குள்தான் அதிகாரம் செலுத்த முடியும். டெவன் நீதிபதி எழுதிய வாரண்டு டார்செட்டில் செல்ல வேண்டுமென்றால் டார்செட் நீதிபதி ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே கில்மிங்டன்காரர்கள் காடு வழியாக நடந்து எல்லையைத் தாண்டிவிட்டால், அவர்களை அறிந்த அதிகாரிக்குக் கை நீளாது. அவர்கள் கூடிய இடத்து அதிகாரிக்கோ அவர்கள் யாரென்று தெரியாது.

என் பார்வையில், அந்தச் சபையார் அமைதியான வருஷத்திலும் காற்று திரும்பும் என்று எதிர்பார்த்துத்தான் இடம் பார்த்திருக்கிறார்கள். ஏழே வருஷத்தில் திரும்பிவிட்டது.

பிடிபட்டால் என்ன ஆகும்?

1660இல் இரண்டாம் சார்ல்ஸ் அரியணை ஏறினார். 1661 ஜனவரியில் தாமஸ் வென்னர் என்பவர் லண்டனில் ஒரு சிறு ஆயுதக் கிளர்ச்சி நடத்தினார். அவர் செய்த காரியத்துக்கு அடி விழுந்தது பாப்டிஸ்டுகளுக்கும், அரச திருச்சபைக்கு வெளியே இருந்த இன்னொரு பிரிவான குவேக்கர்களுக்கும். கூட்டங்கள் தடை செய்யப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்.

அப்புறம் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லஃப்வுட் போன்ற இடங்களைக் குறிவைத்தது 1664ஆம் ஆண்டின் கூட்டத் தடைச் சட்டம். 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ, அரச திருச்சபையின் முறைக்குப் புறம்பாக வழிபடக் கூடினால் குற்றம். முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை, இல்லையேல் 5 பவுண்டு வரை அபராதம். இரண்டாம் தடவை இரட்டிப்பு. மூன்றாம் தடவை 100 பவுண்டு கட்ட வேண்டும், கட்ட முடியாதவரைக் கடல் கடத்தி ஏழு ஆண்டுகள் தோட்ட வேலைக்கு அனுப்பலாம். வர்ஜீனியாவுக்கும் நியூ இங்கிலாந்துக்கும் மட்டும் அனுப்பக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நியூ இங்கிலாந்தில்தான் இவர்களுக்கு ஒத்த மனமுடையவர்கள் இருந்தார்கள்!

1670இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சிறையைக் குறைத்து, பணத்தில் கை வைத்தார்கள். வந்து உட்கார்ந்தவருக்கு முதல் தடவை 5 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு), அடுத்து 10 ஷில்லிங். பிரசங்கித்தவருக்கு 20 பவுண்டு, மறுபடி செய்தால் 40. இடம் கொடுத்தவருக்கு 20. பண்ணையில் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் கிடைத்தால் பெரிது. கட்ட வழியில்லையென்றால் வீட்டுச் சாமானையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகலாம். இதிலே எனக்கு மிகக் கொடுமையாகத் தெரிவது வேறொன்று. அபராதப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காட்டிக்கொடுத்தவருக்கும் அவருக்கு உதவியவர்களுக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுப்பதைச் சட்டமே ஒரு பிழைப்பாக்கிவிட்டது. ஊருக்குள் நாலு பேர் கண்ணில் படாமல் போய்வர ஏன் இந்தக் காட்டுப் பாதை தேவைப்பட்டது என்பது இதைப் படித்தால் புரியும்.

மான்மத் கலகத்துக்கும் இந்தப் பகுதிக்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு. 1685 ஜூன் 11 அன்று மான்மத் கோமகன் தன் சித்தப்பா இரண்டாம் ஜேம்ஸ் ராஜாவுக்கு எதிராகக் கப்பலில் வந்து இறங்கிய லைம் ரீஜிஸ் துறைமுகம், இங்கிருந்து ஒரு காலை நடை தூரம். நான்கு நாளில் அவருடைய படை ஆக்ஸ்மின்ஸ்டருக்கு வந்துவிட்டது. அரச திருச்சபைக்கு வெளியே இருந்த நெசவாளர்களும் விவசாயிகளும் திரளாகச் சேர்ந்தார்கள். ஜூலை 6இல் செட்ஜ்மூரில் படை நொறுங்கியது. பிறகு நீதிபதி ஜெஃப்ரீஸ் வந்தார். நூற்றுக்கணக்கானோர் தூக்கில் ஏறினார்கள், அதைவிட அதிகமானோர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளைப் போல அனுப்பப்பட்டார்கள். லைம் கடற்கரையில் செப்டம்பர் 12 அன்று தூக்கிலிடப்பட்டவர்களில் அவ்வூர் பாப்டிஸ்ட் போதகர் சாம்ப்ஸன் லார்க்கும் ஒருவர்.

உள்ளே எப்படி இருக்கும்?

இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெளியே முரட்டுக் கல் சுவர், அதைத் தாங்கும் பருத்த முட்டுச் சுவர்கள். சரிவைக் குடைந்து கட்டியதால் ஒரு பக்கம் பாதி மண்ணுக்குள் இருப்பதுபோலத் தெரியும். கதவைத் திறந்தால் வெள்ளையடித்த சுவர், வளைந்த பூச்சுக் கூரை, வளைவு வைத்த ஜன்னல்களில் நிறமில்லாத கண்ணாடி. அதன் வழியாகப் பச்சை வயல்கள்.

பலிபீடம் இல்லை, சிலைகள் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. ஒரு முனையில் உயரமான பிரசங்க மேடை, அவ்வளவுதான். கண் எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. வேதத்தைத் திறந்து விளக்குவதுதான் ஆராதனையின் மையம் என்று நம்பியவர்கள், கட்டடத்தையும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடியே அமைத்தார்கள். மெருகு பூசாத பைன் மரத்தில் பெட்டி இருக்கைகள். பெஞ்சைச் சுற்றி மரத் தடுப்பும் சின்னக் கதவும் இருக்கும், குடும்பமாக உள்ளே போய் உட்கார்ந்து சாத்திக்கொள்ளலாம். கணப்பு வசதி குறைந்த காலத்தில் காலடியில் வீசும் குளிர்காற்றுக்கு அது நல்ல மறைப்பு.

எதிர் முனையில் ஒரு மாடம், பிற்காலத்தில் இசைக்கருவி வாசிப்பவர்களுக்கானது. அந்த மாடத்துக்குக் கீழே இரண்டு சிறு அறைகள், கணப்புடன். தூரத்திலிருந்து வந்தவர்கள் காலை ஆராதனைக்கும் பிற்பகல் ஆராதனைக்கும் நடுவே ஈரத்துணி உலர்த்தி, கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, இளைப்பாறிய இடம். பிரசங்க மேடையைவிட இந்த அறைகள்தான் அந்த மனிதர்களை எனக்கு நெருக்கமாக்குகின்றன. டெவன் மழையில் பல மைல் நடந்து, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் வேறெங்கே ஒதுங்கும்?

ஞானஸ்நானத் தொட்டி எங்கே?

தரைப் பலகைக்குக் கீழே. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அதன்மேல் நடந்து போவார்கள். ஞானஸ்நானம் இருக்கும் நாளில் பலகையை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவார்கள்.

அந்தக் குளிரில் முழுக்குவதா?

இந்தக் கேள்வியை அவர்களுடைய எதிரிகளும் கேட்டார்கள், கேட்டதோடு நிற்கவில்லை. 1646இல் சாமுவேல் ஓட்ஸ் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் எசெக்ஸில் ஒரு பெண்ணை முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்தார். சில நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார். ஓட்ஸ் மேல் கொலை வழக்கே போட்டார்கள், செல்ம்ஸ்ஃபர்டில் விசாரணை நடந்தது, குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஆறு குளங்களில் பகிரங்கமாக முழுக்கு நடக்கும்போது வேடிக்கை பார்க்கவும் கேலி செய்யவும் கூட்டம் கூடும். சபைக்குள்ளேயே தொட்டி வைத்தது குளிருக்காக மட்டும் அல்ல என்று இதிலிருந்து யூகிக்கலாம்.

பாட்டு பாடினார்களா?

ஆரம்பத்தில் பல பாப்டிஸ்ட் சபைகளில் பாட்டே கிடையாது. நம்புகிறவரும் நம்பாதவரும் கலந்திருக்கும் கூட்டத்தில் எல்லாரும் ஒரே வார்த்தையைப் பாடுவது உண்மையான ஆராதனையாகுமா என்பது அவர்கள் கேள்வி. லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற போதகர் தன் சபையில் கீர்த்தனை பாடுவதைக் கொண்டுவந்தபோது ஒரு பகுதியினர் பிரிந்தே போனார்கள். 1690களில் இரு தரப்பும் புத்தகம் அச்சிட்டுச் சண்டை போட்டன. கீச்சின் பக்கம்தான் வென்றது. லஃப்வுட்டில் இசைக்காரர்களுக்கென்றே ஒரு மாடம் இருப்பது, அந்த மாற்றம் இந்தக் காட்டு மூலை வரைக்கும் வந்ததற்கு அடையாளம்.

யார் யார் வந்தார்கள்?

கிழக்கு டெவன் கம்பளி நெசவுக்கும் ஹானிடன் லேஸுக்கும் பேர்போன பகுதி. சின்ன விவசாயிகள், நெசவாளர்கள், கைவினைஞர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பட்டமும் பதவியும் உள்ளவர்கள் குறைவு.

ஆனால் சேருவது சுலபமில்லை. ஒருவர் தன் மனமாற்றத்தைச் சபைக்கு முன் எடுத்துச் சொல்ல வேண்டும், சபை கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகும் கண்காணிப்பு உண்டு. குடி, கடன் ஏமாற்று, சபைக்கு வெளியே திருமணம் போன்றவற்றுக்கு அக்காலப் பாப்டிஸ்ட் சபைகள் உறுப்பினரைக் கண்டித்தன, கேட்காவிட்டால் நீக்கின. இன்று படிக்கும்போது கடுமையாகத் தெரியும். ஆனால் போதகரைத் தேர்ந்தெடுப்பதும் அதே உறுப்பினர்கள்தான். பேராயரும் ஜமீன்தாரும் போதகரை நியமித்த நாட்டில், நெசவாளர்கள் கூடித் தங்கள் போதகரைத் தாங்களே அழைத்தார்கள் என்பதன் கனத்தை லேசாக எடைபோடக் கூடாது.

1689க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

பாதிதான். 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம் வழிபாட்டிடத்தைப் பதிவு செய்யச் சொன்னது. கூட்டம் நடக்கும்போது கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது என்றும் சொன்னது. அதுவரை கதவோரம் காவல் வைத்துக் கூடியவர்கள் இனிமேல் கதவைத் திறந்து வைத்தாக வேண்டும்! லஃப்வுட்டின் அழகான மரவேலை அதற்குப் பிந்திய காலத்தில் வந்தது தற்செயல் அல்ல. இடித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை யாரும் நல்ல தச்சனைக் கூப்பிடமாட்டார்கள்.

மற்றபடி அவர்கள் இரண்டாம் தரக் குடிமக்களாகவே இருந்தார்கள். அரசுப் பதவிகளிலிருந்து அவர்களைத் தடுத்த சட்டங்கள் 1828இல்தான் நீங்கின. 1754 முதல் திருமணம் என்றால் ஊர்ப் பங்கின் தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும், குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. 1837இல்தான் தங்கள் ஜெபவீட்டிலேயே மணமுடிக்க வழி பிறந்தது. தாங்கள் நுழையாத தேவாலயத்தின் பராமரிப்புக்கு வரி கட்டும் கட்டாயமோ 1868 வரை நீடித்தது.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த இடத்தை ஏன் விட்டுப் போனார்கள்?

1830களின் தொடக்கத்தில் கில்மிங்டன் கிராமத்துக்குள்ளேயே புது ஜெபவீடு கட்டினார்கள். ஒளிய வேண்டிய தேவை போய்விட்டது, மேடேறி நடக்க வேண்டிய தேவையும் போய்விட்டது. வயதானவர்களும் சேற்றுப் பாதையும் இருக்கும்போது ஊருக்குள் ஓர் இடம் கட்டுவதுதானே நியாயம்?

சிலர் இதைச் சோகமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரத்தமும் கண்ணீரும் சிந்திய இடம், புனித மண் என்று அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அவர்களுக்குச் சபை என்பது கூடி வரும் மனிதர்கள், கல்லும் கூரையும் அவர்கள் மழைக்கு ஒதுங்கும் இடம். முன்னோர்கள் அப்படி நம்பித்தான் காட்டுக்குள் போனார்கள், பேரப்பிள்ளைகள் அதையே நம்பித்தான் காட்டை விட்டு வந்தார்கள். புதுப்பித்து இடித்துக் கட்டாமல் விட்டதால்தான் பழைய உள்வேலை நமக்கு அப்படியே கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை. 1969இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் இதைப் பொறுப்பேற்றது.

இங்கிலாந்தின் மிகப் பழைய பாப்டிஸ்ட் கட்டடம் இதுதானா?

மிகப் பழையவற்றில் ஒன்று என்று சொல்வதே நியாயம். டியூக்ஸ்பரியில் ஒரு பழைய மரச்சட்ட வீட்டை ஜெபவீடாக மாற்றியிருக்கிறார்கள், அதற்கும் உரிமை கொண்டாட இடமுண்டு. பக்கிங்ஹாம்ஷயரின் வின்ஸ்லோவில் மேலே சொன்ன கீச்சின் பெயரில் 1695ஆம் ஆண்டு ஜெபவீடு ஒன்று இருக்கிறது. வேல்ஸில் இல்ஸ்டனில் ஜான் மைல்ஸ் 1649இல் தொடங்கிய சபை, அந்நாட்டின் முதல் பாப்டிஸ்ட் சபை. ராஜா திரும்பி வந்தபின் மைல்ஸ் தன் ஆட்கள் சிலருடன் அமெரிக்காவுக்கே போய், மாசசூசெட்ஸில் ஸ்வான்ஸி என்ற ஊரை நிறுவினார். ஓடியவர்களும் உண்டு, எல்லை தாண்டி ஒதுங்கியவர்களும் உண்டு.

நம் பக்கத்துக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் இதே பர்ட்டிகுலர் பாப்டிஸ்ட் மரபின் சிற்றூர்ச் சபைகளிலிருந்துதான் 1792இல் கெட்டரிங்கில் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தார். அவரும் மோல்டன் என்ற கிராமத்து ஜெபவீட்டில் செருப்புத் தைத்துக்கொண்டே போதகராக இருந்தவர்தான். 1812இல் அதே சங்கத்தின் ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் வேலையைத் தொடங்கினார்.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸிடர் போகும் ரயிலில் ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கி, அங்கிருந்து கார் எடுப்பது வசதி. பாதை ஒரு வண்டி அகலம்தான், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். திறந்திருக்கும் நேரத்தைக் கிளம்புமுன் நேஷனல் டிரஸ்டிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வழிகாட்டிகள் நின்று விளக்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆண்டில் சில முறை இங்கே ஆராதனையும் நடக்கிறது. முடிந்தால் அப்படி ஒரு நாளைப் பார்த்துப் போங்கள், ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு.